ஏற்றத்தில் நின்றுபோன விசிறி

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மலைக்கு அவர் வந்தது விசிறி மாட்டுவதற்காக. மதுரையில் ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரீசியனாக இருந்தபோது, மஞ்சூருக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தேயிலை ஃபேக்டரிக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். பறித்து வந்த பச்சை இலையைப் பரப்பி வாட்டுவதற்கு அங்கே நீள நீளமாகத் தொட்டிகள் இருக்கும். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி. அவற்றையெல்லாம் மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஓட்டிக் காட்டிய அன்று மேனேஜர், "இதுகளை நீயே இருந்து பாத்துக்கயேன்" என்றார். குளிர் ஒச்சப்பனுக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும் சரி என்றுவிட்டார்.

ஊருக்குப் போய் வீரம்மாவைக் கட்டிக் கூட்டிவந்தார். மகள் பிறந்தாள். மோனிகா என்று வீரம்மாதான் பேர் வைத்தாள். ஃபேக்டரியில் விசிறி, இலையை உருட்டும் மெஷின், உலர்த்தும் அடுப்பு, தூள் சலிப்பு மெஷின் என்று எது நின்றாலும் ஒச்சப்பனைத்தான் தேடுவார்கள். இரவு பகலாக அதிர்ந்துகொண்டிருக்கும் மெஷின்களில் வயர் எந்த இடத்தில் சோர்ந்துபோகும் என்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அந்தப் பழக்கத்திலேயே வயசு நாற்பதைத் தாண்டியது.

பிறகு இலை விலை விழுந்தது. முதல் வருஷம் எல்லோரும் இது ஏறிவிடும் என்றார்கள். இரண்டாம் வருஷம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் தலைக்கு மேல் போய், பூத்து, காய்த்து, தோட்டம் காடு மாதிரி ஆனது. ஃபேக்டரிக்கு இலை வரத்து குறைந்தது. வாரத்தில் சில நாள் மட்டும் ஓடியது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை கேட்டில் பூட்டு தொங்கியது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், தை மாசம்.

ஒச்சப்பன் குடியிருந்த லைன் வீடுகளில் மூன்று வீடு தள்ளி அம்சவேணி இருந்தாள். காரமடைப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் வேலுசாமி இலை ஏஜென்ட். தோட்டம் தோட்டமாகப் போய் இலையை எடைபோட்டு வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுப்பவன். விலை நன்றாக இருந்த காலத்தில் பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தான். முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்குமே, அந்தச் சின்ன வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத ரோட்டில் அம்சவேணிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். விளையாட்டாகக் கற்றுக்கொண்டதுதான். ஏஜென்ட் தொழில் படுத்ததும் வேலுசாமி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வேன் மட்டும் வாசலில் நின்றது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அம்சவேணி லைசென்ஸ் எடுத்து, காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மற்ற நேரத்தில் ஆஸ்பத்திரி போகிறவர்களையும் ஏற்ற ஆரம்பித்தாள். பெண் ஓட்டுகிற வண்டியில் பிரசவத்துக்குப் போவது தைரியமாக இருக்கிறது என்று பெண்களே தேடி வந்தார்கள்.

ஃபேக்டரி பூட்டுவதற்கு முந்தின வருஷம் வீரம்மாவுக்குக் குடல்வால் வீங்கி, வலியில் சுருண்டு கிடந்த அன்று அந்த வேன்தான் அவளை ஊட்டிக்குக் கொண்டுபோனது. ஒச்சப்பன் ஃபேக்டரியில் இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பவும் அம்சவேணி காத்திருக்கவில்லை. அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷனே முடிந்திருந்தது. அம்சவேணி வராந்தாவில் உட்கார்ந்து, மோனிகாவுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் என்ன சொல்றதுன்னே தெரியலை" என்றார் ஒச்சப்பன்.

"ஒன்னும் சொல்லோண்டாங்கண்ணா. அக்கா கண்ணு முழிச்சுட்டாங்க. போய்ப் பாருங்க" என்றாள் அவள்.

வேலையில்லாத அந்த நாட்களில் ஒச்சப்பன் மெலிந்துபோனார். காலையில் எழுந்து வழக்கம்போலச் சவரம் செய்துகொள்வார், சட்டை மாற்றுவார், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். ஊரில் ஃபேக்டரி எலக்ட்ரீசியனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? வீட்டு வயரிங் கேட்டு நாலு இடம் போனார். புதிதாக வீடு கட்டுகிற நிலைமையில் யாருமில்லை. கடைசியில் வேலுசாமிக்குச் சொல்லியனுப்பினார். தையல் மெஷின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுப்பார்கள், வாருங்கள் என்று அவனும் பதில் சொல்லிவிட்டான். மோனிகாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கிளம்புவது என்று முடிவாயிற்று. வீரம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்து ஊரான பிக்கட்டியைச் சேர்ந்த புஷ்பவல்லியின் விஷயம் நடந்தது.

மாசி மாசக் கடைசி. மலையில் மழை விட்டு, மதியத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும் காலம். புஷ்பவல்லிக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. அவளையும் அவள் அம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அம்சவேணி ஊட்டிக்குக் கிளம்பினாள். மஞ்சூரிலிருந்து குந்தா பாலம் வரை இறக்கம். பாலத்தைத் தாண்டினால் கைகாட்டி என்கிற ஊர் வரை ஒரே ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. பாதி ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி பீறிட்டது. வண்டி நின்றுவிட்டது. பின்னால் புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா ரோட்டில் இறங்கி நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நல்ல காலம், அடுத்து வந்தது ஊட்டி பஸ். டிரைவர் நிலைமையைப் பார்த்து இறங்கி வந்தார். பின்சீட்டை அப்படியே காலி பண்ணிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் இருந்த பெண்கள் புடவையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது. போன கொஞ்ச நேரத்தில் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

சுகம் என்று தெரிந்த பிறகும் அம்சவேணி வேனைத் தொடவில்லை. இரண்டு நாள் பிள்ளைகளைக்கூடப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவில்லை. மூன்றாம் நாள் வீரம்மாவிடம் வந்து, "வண்டிய வித்துப்போடறனுங்க்கா. மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் கேக்கறாருங்க. இனி இதுல ஒரு உசுர ஏத்தறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க" என்றாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஒச்சப்பனுக்கு அது கேட்டது. வெளியே வந்தார்.

"வண்டிக்கு என்னதான் கோளாறு தங்கச்சி?"

"அதுதானுங்கண்ணா ஒருத்தருக்கும் தெரியல. முன்னயும் ரெண்டு தடவ சூடேறுச்சுங்க, சரியாயிருச்சுன்னு நெனச்சுத்தான் அன்னைக்கு எடுத்தனுங்க. நம்ம கருப்புசாமியண்ணன் ரேடியேட்டரக் கழுவிப் பாத்தாருங்க. தண்ணி பம்பு மாத்தினாருங்க. ஃபேன் மோட்டாரே புதுசு போட்டாச்சு. ஊட்டில ஒரு மெக்கானிக் இன்ஜினையே பிரிக்கோணும்னு சொல்றாருங்க. சமதரையில வண்டி தங்கமாட்ட ஓடுதுங்க. இந்த ஏத்தத்துலதான் சாவடிக்குது."

"ஏத்தத்துல ஃபேன் ஓடுதா?"

அம்சவேணி யோசித்தாள். "நிறுத்தி எறங்கிப் பாத்தா ஓடீட்டுத்தானுங்க இருக்குது."

ஒச்சப்பன் கார் வேலை பார்த்தவர் இல்லை. ஆயுசில் ஒரு காரின் ஃப்யூஸைக்கூட மாற்றியதில்லை. தெரியாத வேலையில் கைவைத்து இருப்பதையும் கெடுத்துவிட்டால் என்ன செய்வது? உள்ளே போய்விட்டார். ஆனால் அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீரம்மாதான் கடைசியில் சொன்னாள்.

"ஏங்க, அந்தப் புள்ள அன்னைக்கு எனக்கு வைத்தியம் தெரியுமான்னு யோசிச்சா வண்டிய எடுத்துச்சு? தெரிஞ்ச அளவுக்குப் போய்ப் பாருங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டு வாங்க."

மறுநாள் காலை ஒச்சப்பன் தன்னுடைய பழைய பையை எடுத்துக்கொண்டு கருப்புசாமியின் ஷெட்டுக்குப் போனார். ஷெட் என்றால் பஜாருக்குக் கீழே தகரக் கூரை போட்ட இடம். வேன் அங்கேதான் நின்றது. கருப்புசாமி நல்ல மெக்கானிக். கியர், பிரேக் என்றால் அவன் கைபட்ட வண்டி இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வராது. கரண்ட் வேலைதான் அவனுக்கு ஆகாது.

"வாங்க ஒச்சண்ணா. நானும் பாக்காத எடமில்லீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தட்டுப்பட்டாச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்" என்றான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை, அசதிதான் இருந்தது.

ஒச்சப்பன் முதலில் கரண்ட் போகும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பேட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து இன்ஜினில் பதிந்திருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். இன்ஜின் தண்ணீர் ஓரளவு சூடானதும் அந்த ஸ்விட்ச் தானாக மூடிக்கொண்டு கரண்டை விடும். அங்கிருந்து ஒரு வயர் வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் மோட்டாருக்குப் போகும். அவ்வளவுதான். அவருக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. ஃபேக்டரியில் ஒரு விசிறிக்கு இதைவிட நாலு மடங்கு வயர்.

ஃப்யூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். முள் பாதிக்கு வந்ததும் ஃபேன் சுழன்றது. காற்று நன்றாக வந்தது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த இடத்திலெல்லாம் பளிச்சென்று எரிந்தது. எர்த் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார், இறுக்கமாக இருந்தது. வயர்களை இழுத்துப் பார்த்தார். எதுவும் கையோடு வரவில்லை. மத்தியானம் வரை இப்படியே போனது. ஒரு குறையும் இல்லை.

"இதேதானுங்க எனக்கும் நடந்துச்சு" என்றான் கருப்புசாமி.

ஒச்சப்பன் ஒரு டீயை வாங்கிவைத்துக்கொண்டு வேனுக்கு எதிரே ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. ஃபேக்டரியில் ஒரு தடவை சலிப்பு மெஷின் இப்படித்தான் படுத்தியது. ஓடும்போது நின்றுவிடும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நின்ற மெஷினை எத்தனை தரம் பார்த்தும் பிடிபடவில்லை. ஓடுகிறபோது பக்கத்திலேயே நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது. இந்த வேனை இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் நிறுத்திவைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அது கெடுவதோ ஏற்றத்தில். ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு முன்னால் போய் ஃபேனை யார் பார்ப்பது?

அவர் எழுந்து, "கருப்புசாமி, சின்ன பல்பு ரெண்டு இருக்குமா? கொஞ்சம் நீள வயரும் வேணும்" என்றார்.

ஒரு பல்பை ஸ்விட்சுக்கு வந்துசேரும் வயரோடு இணைத்தார். இன்னொன்றை ஃபேன் மோட்டாரில் போய் முடிகிற வயரோடு இணைத்தார். இரண்டையும் டிரைவர் சீட்டுக்கு எதிரே, கண்ணாடிக்குக் கீழே டேப் போட்டு ஒட்டினார். இடது பல்பு எரிந்தால் ஸ்விட்ச் வரை கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். வலது பல்பு எரிந்தால் ஃபேன் வரை போய்விட்டது என்று அர்த்தம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

அம்சவேணியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைக்குப் போலவே ஐந்து ஆள் கனம் வேண்டும் என்று கருப்புசாமி ஷெட்டில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் பின்னால் ஏற்றினான். அம்சவேணி ஸ்டியரிங்கைத் தொடுவதற்குக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒச்சப்பன். பின்னால் இரும்போடு இரும்பாகக் கருப்புசாமி.

குந்தா பாலம் வரை ஒன்றுமில்லை. பாலம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் முள் பாதிக்கு வந்தது. வலது பல்பும் எரிந்தது.

"ஃபேன் ஓடுது. நீ பாட்டுக்கு ஓட்டு தங்கச்சி" என்றார் ஒச்சப்பன்.

மூன்றாவது வளைவு செங்குத்து. அம்சவேணி முதல் கியருக்கு மாற்றி அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. அந்த நொடியில் வலது பல்பு மினுக்கியது. மினுக்கி, அணைந்தது. இடது பல்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

முள் மெல்ல மேலே நகர ஆரம்பித்தது.

"ஓரமா நிறுத்து. இன்ஜினை அமத்தாத" என்றார் ஒச்சப்பன்.

நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை எடுத்தாள். இன்ஜின் அடங்கி நிதானத்துக்கு வந்தது. வலது பல்பு திரும்ப எரிந்தது. கருப்புசாமி குதித்து இறங்கி முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அடக் கெரகமே" என்றான் கருப்புசாமி. "நாம எறங்கி வந்து பாக்கறப்பெல்லாம் இது ஓடீட்டு இருந்துருக்குது. அதைப் பாத்து நான் ஃபேன் நல்லாருக்குதுன்னு இத்தன நாளும் சொல்லீட்டு இருந்துருக்கறேன்."

"நானும் காலையில அப்படித்தான நெனச்சேன்" என்றார் ஒச்சப்பன். "நிறுத்தி வெச்சுப் பாத்தா யாருக்குமே தெரியாது கருப்புசாமி."

ஸ்விட்ச் வரை கரண்ட் வருகிறது, ஃபேனுக்குப் போகவில்லை. ஆக, குற்றம் ஸ்விட்சில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து ஃபேனுக்குப் போகும் வயரில் இருக்க வேண்டும். எது என்று தெரிய ஒச்சப்பன் இன்னொரு வேலை செய்தார். ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியால் நேராகச் சேர்த்துக் கட்டினார். இப்போது ஸ்விட்சுக்கே வேலையில்லை; சாவி போட்டதுமே ஃபேன் ஓட வேண்டும். ஓடியது. திருப்பிக்கொண்டு பாலத்துக்கு இறங்கி, மறுபடி ஏறினார்கள். அதே வளைவு, அதே முதல் கியர். வலது பல்பு அணைந்தது.

"ஸ்விட்ச் நல்லாருக்கு. வயர்தான்" என்றார்.

வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, சீட்டைத் தூக்கினார்கள். ஒச்சப்பன் ஸ்விட்சில் ஆரம்பித்து விரல் நுனியால் வயரை அழுத்திக்கொண்டே போனார். இன்ஜின் உட்காரும் ரப்பர் கட்டைக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ அந்த வயரைத் தளர்ச்சியே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் விரலுக்குக் கீழே வயர் தொளதொளவென்று மடங்கியது. மேல்தோல் முழுசாக இருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டாக அறுந்து, முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தன.

ஏற்றத்தில் கனத்தை இழுக்கும்போது இன்ஜின் தன் இடத்தில் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்ததும் வயர் இழுபடும். அறுந்த முனைகள் விலகிக்கொள்ளும். வண்டி நின்று இன்ஜின் நிமிர்ந்ததும் இரண்டும் மறுபடி தொட்டுக்கொள்ளும். ஒச்சப்பன் அதை அம்சவேணிக்குக் கையால் சாய்த்துக் காட்டிச் சொன்னார்.

அவள் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தாப்பெரிய வண்டிக்கு இத்தினிக்கூண்டு வயருங்களாண்ணா" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

புது வயரை, இன்ஜின் எவ்வளவு ஆடினாலும் இழுபடாதபடி ஒரு வளையம் தொங்கவிட்டுப் போட்டார். ஸ்விட்சைப் பழையபடி மாட்டினார். ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பிவிட்டு மூன்றாவது தடவை ஏறினார்கள். அந்த வளைவில் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பல்பைப் பார்த்தார்கள். ரோட்டைப் பார்க்கச் சொல்லி ஒச்சப்பன் அம்சவேணியை அதட்ட வேண்டியதாயிற்று. பல்பு எரிந்தது. அடுத்த வளைவிலும் எரிந்தது. முள் பாதியைவிட்டு அசையவில்லை. கைகாட்டி வந்து, டீக்கடை முன்னால் நிறுத்தியபோது, அம்சவேணி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது, "உங்களுக்கு நான் என்னங்கண்ணா செய்யறது?" என்று கேட்டாள்.

"வீரம்மாவ ஊட்டிக்குக் கொண்டுபோனியே, அன்னைக்கு நானும் இதத்தான் கேட்டேன். ஒன்னும் சொல்ல வேண்டாம்னுட்ட."

"அது வேற, இது வேறீங்க."

"ஒரே ரோடுதான தங்கச்சி" என்றார் ஒச்சப்பன்.

மேட்டுப்பாளையத்துக்காரருக்கு வேன் விற்பனைக்கு இல்லை என்று அன்று சாயங்காலமே சொல்லியனுப்பியாயிற்று. அம்சவேணி நேரே பிக்கட்டிக்குப் போய்ப் புஷ்பவல்லியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வந்தாள். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். தடுப்பூசிக்கு உன் வண்டியில்தான் வருவோம் என்று புஷ்பவல்லியின் அம்மா சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அம்சவேணியின் குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

ஒச்சப்பன் வீட்டில் சாக்கு மூட்டை இன்னும் கட்டியபடிதான் இருந்தது. ஒரு வேன் சரியானதற்காகத் திருப்பூர் பயணத்தை நிறுத்த முடியுமா? ஆனால் அந்த வாரக் கடைசியில் கருப்புசாமி வீடு தேடி வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காராமல், தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே பேசினான்.

"ஒச்சண்ணா, நான் சுத்தி வளைக்காமச் சொல்றனுங்க. எங்கிட்ட வர்ற வண்டில பாதிக்குக் கரண்ட் கோளாறுதானுங்க. ஊட்டிக்குப் போங்கன்னு அனுப்பி விட்டுட்டு இருக்கறேன். ஷெட்டுல ஒரு பக்கம் சும்மா கெடக்குது. நீங்க வந்து உக்காருங்க. வாடகை கீடகைன்னு பேசாதீங்க."

"எனக்குக் கார் வேல தெரியாதப்பா. ஒரு ஃபேனத்தான பாத்தேன்."

"எனக்கு மட்டும் பொறக்கறப்பவே தெரியுமுங்களா? வாங்க, நான் கியரச் சொல்றேன், நீங்க கரண்டச் சொல்லுங்க."

ஒச்சப்பன் வீரம்மாவைப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். சாக்கின் கயிற்றை அவிழ்க்கும் சத்தமும், பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும் கேட்டன. அதன்பின் கருப்புசாமிக்குக் காப்பி வந்தது, ஒரு பித்தளை டம்ளரில்.

ஆரம்பம் ஒன்றும் சுலபமாக இல்லை. சார்ஜ் ஏறாத ஒரு ஜீப்பை மூன்று நாள் பிரித்துப் போட்டு, கடைசியில் ஊட்டிக்கே அனுப்பவேண்டி வந்தது. இன்னொரு காரில் ஹாரன் வயரைத் தப்பாகக் கொடுத்து, அது பஜார் நடுவில் நிற்காமல் கத்தி, ஊரே வேடிக்கை பார்த்தது. அந்தக் காரின் சொந்தக்காரர் கோபமாக வந்தபோது கருப்புசாமிதான் முன்னால் போய்ச் சமாதானம் சொன்னான். ஒச்சப்பன் அந்த வாரம் ஊட்டிக்குப் போய், அங்கே ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்த ஒரு பெரியவரின் கடையில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் வெட்கப்படாமல் கேட்டுவந்தார். அந்த மனிதரும் மறைக்காமல் சொன்னார். எல்லோரும் தனக்கு நல்லவர்களாகவே வாய்க்கிறார்களே என்று திரும்பி வரும் பஸ்ஸில் ஒச்சப்பன் நினைத்துக்கொண்டார். நினைத்ததும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வருஷம் திரும்பியபோது மஞ்சூரிலும் பிக்கட்டியிலும் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஏற்றத்தில் மட்டும் கெடுகிற வண்டி என்றால் அவரே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவார். பல்புகளைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வண்டிகள் குந்தா பாலத்துக்கும் கைகாட்டிக்குமாக ஏறி இறங்குவது பஸ்காரர்களுக்குப் பழக்கமாகிப்போனது. புஷ்பவல்லியை ஏற்றிப்போன அந்த பஸ் டிரைவரை ஒருநாள் கைகாட்டியில் பார்த்து, அம்சவேணி அவருக்கு ஒச்சப்பனை அறிமுகம் செய்துவைத்தாள். "இந்தண்ணன்தானுங்க வண்டியச் சரி பண்ணினாங்க." டிரைவர் சிரித்துக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் வேலை குறைஞ்சுபோச்சு" என்றார்.

இலை விலை முழுசாக ஏறவில்லை. ஆனாலும் சில வருஷம் கழித்து அந்த ஃபேக்டரியை வேறொருவர் எடுத்து நடத்த வந்தார். பழைய ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒச்சப்பன் போனார், தூசி படிந்து கிடந்த விசிறிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டிக் கொடுத்தார். மேனேஜர் அவரைத் திரும்ப வேலையில் சேரச் சொன்னபோது, காலையில் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், மற்ற நேரம் ஷெட்டில் என்னைத் தேடுவார்கள் என்றார். தன்னைத் தேடுவார்கள் என்று அவர் வாயால் அவரே சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

வேலுசாமியும் அந்த வருஷமே திருப்பூரைவிட்டு வந்துவிட்டான். வேனை ஓட்டுகிறேன் என்று சாவியைக் கேட்டான். அம்சவேணி கொடுக்கவில்லை, வேண்டுமானால் இன்னொரு வண்டி வாங்கி ஓட்டச் சொன்னாள். அவன் அதை ஷெட்டில் வந்து முறையிட்டபோது கருப்புசாமி சிரித்த சிரிப்பு பஜார் வரை கேட்டது.

மோனிகா நர்ஸிங் படிக்கக் கோயமுத்தூர் போன அன்று, அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனது அம்சவேணிதான். ஒச்சப்பன் முன்சீட்டில் இருந்தார். குந்தா பாலம் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்தது. காலை நேரம், தோட்டங்களில் மறுபடி கவாத்து வெட்டி, செடிகள் இடுப்பளவில் தளிர்விட்டிருந்தன. பறிக்கிற பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னங்கண்ணா, பேசாம வர்றீங்க?" என்று அம்சவேணி கேட்டாள்.

"ஒன்னுமில்ல தங்கச்சி" என்றார் ஒச்சப்பன். "நல்லா இருக்கு."